ரோட்டுக்கும் ரேஸ் தடத்துக்கும் ஒரே கார்: அலைன்மென்ட், டயர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை. 1990இல் திறக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் (இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்) அங்கேதான் இருக்கிறது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். போட்டி இல்லாத நாள்களில் பணம் கட்டிவிட்டுச் சொந்தக் காரை அதில் ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அவர்கள் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. காலையில் வீட்டிலிருந்து ஓட்டி வந்து, பகல் முழுக்க விரட்டிவிட்டு, மாலையில் அதே காரில் வீடு திரும்புகிறார்கள். மறுநாள் அது பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடவும் போகும். ரேஸ் கார்களுக்கான அளவுகளை அப்படியே இந்தக் கார்களுக்குப் போடுவதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடையில் கொடுக்கும் தாளை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில் மீதிப் பாதி.

தாளிலிருந்தே தொடங்கலாம். கணினித் திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகிவிட்டால் வேலை முடிந்தது என்று கடைக்காரர் சொல்கிறார், நாமும் நம்பிவிடுகிறோம். தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள் சக்கரம் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்குப் பொருள் கிடையாது. எல்லையோ அகலமானது. இடது முன்சக்கரம் அதன் ஒரு கோடியிலும் வலது முன்சக்கரம் மறுகோடியிலும் நின்றாலும் இரண்டும் பச்சைதான். ஆனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் கேம்பரில், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தில், அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

எண்ணைப் படிப்பதிலும் சறுக்கல் நேர்கிறது. சில இயந்திரங்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். 0°30' என்றால் அரை டிகிரி. 0.30° என்றால் 18 நிமிடம்தான். கேம்பரில் இந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியாது. டோவில், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தில், டயரையே தின்றுவிடும். அதேபோல, தாளில் உள்ள ‘மொத்த டோ’ இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்த கணக்கு. அதை ஒரு சக்கரத்துக்கு உரியதாக நினைத்து இருபுறமும் வைத்தால் இரண்டு மடங்காகிவிடும்.

இன்னொன்று, கார் மேடையில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறு. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் பால் ஜாயின்ட் ஆடுகிறது, லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடு முனை தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், நிற்கும்போது இருக்கும் கோணம் ஓடும்போது இருக்காது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஒருமுறை, இடமும் வலமும் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் நேராகக் கருவியை மாட்டும் கடையில் என் காரை விடமாட்டேன். நான்கு டயரிலும் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும் என்பதும் முன்நிபந்தனை. வழக்கமாகத் தனியாக ஓட்டுகிறவர் என்றால், அளக்கும்போது தன் எடைக்குச் சமமான மூட்டையை ஓட்டுநர் இருக்கையில் வைக்கச் சொல்லலாம். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியவர்கள், அது படிந்து அமரச் சில நாள் ஓட்டிவிட்டுத்தான் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும்.

டயரை எது தேய்க்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் கேம்பர் என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ. கணக்கைப் பாருங்கள்: ஒரு சக்கரம் கால் டிகிரி, அதாவது 15 நிமிடம், கோணலாக நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அந்த டயர் குறுக்காகத் தேய்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம். டயரின் குறுக்கே, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு உள்ளங்கையால் தடவுங்கள். பிறகு திரும்பி வாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லைப் போலவும் இருந்தால் டோ தவறு. கண்ணுக்குத் தேய்மானம் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

தடத்தில் ஓட்டுகிறவர்கள் முன்சக்கரங்களுக்குச் சிறிது டோ-அவுட் வைப்பது, அதாவது முன்முனைகளைச் சற்று வெளியே திருப்பி வைப்பது, உண்மைதான். ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி வளைவுக்குள் திரும்பும். அதே அமைப்போடு நெடுஞ்சாலைக்கு வந்தால், லாரிகள் பள்ளமாக்கிய தடங்களில் கார் அலைபாயும். உள்விளிம்பும் வேகமாகக் கரையும். பின்சக்கரங்களுக்கு டோ-அவுட் வைப்பது இதைவிட மோசம். வேகமான வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசிவிடும். ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களில் பின்அச்சு ஒரே கட்டையாக வருவதால் அங்கே திருகித் திருத்த வழியில்லை. மெல்லிய தகடு வைத்துத்தான் மாற்ற முடியும். அனுபவமில்லாத இடத்தில் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

இனி கேம்பர். இந்தக் கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது. வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது. டயர் தன் வெளித்தோளில் ஏறி நிற்கிறது. முன்கூட்டியே சக்கரத்தின் தலையைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால் அந்த நேரத்தில் டயர் தட்டையாகத் தரையில் பதியும். நெகட்டிவ் கேம்பர் தேவைப்படுவது இதற்குத்தான். அதனால் தடத்துக்கு 2 முதல் 3 டிகிரி வரை வைக்கிறார்கள். தெருக் கார்கள் ஆலையிலிருந்து வரும்போது அநேகமாக ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். மூன்று டிகிரியோடு ஊருக்குள் ஓட்டினால், நேர்ச்சாலையில் டயரின் உள்பாதிதான் பெரும்பாரத்தைச் சுமக்கும். மழையில் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது இதன் விலை தெரியும். மாதத்துக்கு ஒருமுறை கூடத் தடத்துக்குப் போகாதவருக்கு என் சிபாரிசு: முன்னால் ஒன்றரை டிகிரி நெகட்டிவ், டோ பூஜ்யம், அப்படியே ஆண்டு முழுவதும் விட்டுவிடுங்கள். டோ பூஜ்யத்தில் இருந்தால் ஒன்றரை டிகிரி கேம்பர் டயரை அப்படி ஒன்றும் தின்றுவிடாது.

கேம்பர் போல்ட் போட்டவர்கள் செய்யும் தவறு இன்னொரு வகை. தடத்துக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தை உள்ளே சாய்த்து, மறுபடி இறுக்கிவிட்டு ஓட்டக் கிளம்பிவிடுகிறார்கள். கேம்பரைத் தொட்டாலே டோ நகர்ந்துவிடும். எப்போதும் பின்சக்கரம் முதலில், பிறகு முன்னால் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்), கேம்பர், கடைசியாக டோ. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் முதலில் செய்தது வீண். கடையில் ஒருமுறை தடத்து நிலையையும் தெரு நிலையையும் அளந்து, போல்ட்டில் வண்ணக் குறி வைத்து, இரண்டுக்கும் டை ராடை எத்தனை சுற்றுத் திருக வேண்டும் என்று குறித்துக்கொண்டவர்களுக்கு மட்டும் இந்த வேலை சரிப்படும்.

வண்டி இழுக்கிறது என்றதும் அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கார் சற்றே இடப்புறம் நகர்வது இயல்பு. அதையும் மீறி இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பாருங்கள், திசை குறித்த டயராக இல்லாவிட்டால். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் அது பேலன்சிங் சமாச்சாரம், கோணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

டயர் வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்ப்பது நம்மவர்களின் பழக்கம். பக்கச்சுவரில் 185/65 R15 88H என்று இருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஓடத் தகுதி என்பதையும் குறிக்கும். அகலமாக வேண்டும் என்று இந்த இரண்டிலும் ஒரிஜினலைவிடக் குறைந்ததை வாங்கக் கூடாது. மொத்த விட்டமும் முக்கியம். 185/65 R15 டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 195/55 R16 போட்டாலும் அதேதான் வரும்; ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 205 டயரை ஐந்தரை அங்குல ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி நின்று வளைவில் தள்ளாடும். வாங்கிய அகலத்தால் பயனில்லை. தயாரிப்பு நாளையும் பாருங்கள். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடியில் வரும் டயரில் இதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் முன்னால் போட வேண்டும் என்று பஞ்சர் கடையிலிருந்து பெரிய ஷோரூம் வரை சொல்வார்கள். டயர் நிறுவனங்கள் சொல்வது பின்னால். ஈரச்சாலையில் முன்பிடி போனால் கார் நேராக ஓடும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்பிடி போனால் வண்டி சுழன்றுவிடும். அதை மீட்க எல்லாராலும் முடியாது. தடத்துக்கென்று தேய்மான எண் (TREADWEAR; எண் குறையக் குறைய ரப்பர் சீக்கிரம் தேயும்) 200 அல்லது அதற்கும் கீழான மென்மையான டயர் வாங்குபவர்கள், அதை ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் ஓட்டத் துணிய வேண்டாம். ஆழமற்ற பள்ளங்களால் தண்ணீரை ஒதுக்க முடியாது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பது வேறு, அந்த அளவில் மழையில் ஓட்டுவது வேறு.

கடைசியில் காற்று. செலவே இல்லாத திருத்தம் இதுதான். ஆனால் அதிகத் தவறு நடப்பதும் இங்கேதான். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் போட்ட அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அளவு. குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ, உள்ளே காற்றின் சூடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சில சுற்றுகள் விரட்டியதில் அது 80 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் கிட்டத்தட்ட 40. டயர் நடுவில் உப்பி, பிடி குறையும். நைட்ரஜன் அடைத்தால் ஏறாது என்று காசு வாங்குகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், சூட்டுக்கு அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரியும். எனவே பிட்டுக்குள், அதாவது தடத்தோரம் காரை நிறுத்தும் இடத்துக்குள், வந்த உடனே, டயர் ஆறுவதற்குள், அளந்து குறைக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டம் கடிகாரச் சுற்றில் என்பதால் இடது முன்டயர் மற்றவற்றைவிட அதிகம் உழைக்கும். அது கூடுதலாக ஏறியிருக்கும்.

எவ்வளவு குறைப்பது என்பதற்குச் சாக்பீஸ் போதும். டயரின் தோளில், தரை தொடும் விளிம்பிலிருந்து பக்கச்சுவரின் மேல் வரை, மூன்று இடங்களில் கோடு இழுங்கள். சில சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பல டயர்களின் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். கோடு அந்த முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று போதவில்லை, இல்லையென்றால் கேம்பர் போதவில்லை. முக்கோணத்துக்கு வெகு முன்னாலேயே கோடு நின்றுவிட்டால் காற்று அதிகம். இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டி அளப்பவர்கள் மேற்பரப்பின் சூட்டை மட்டும் படிக்கிறார்கள். பிட் பாதையில் ஊர்ந்து வருவதற்குள் அது இறங்கிவிடும். ரப்பருக்குள் ஊசி குத்தி அளக்கும் கருவி இல்லாதவருக்குச் சாக்பீஸே மேல்.

குறைத்ததைத் திரும்ப ஏற்றாமல் வீட்டுக்குக் கிளம்புவதை மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் 40லிருந்து 32க்கு இறக்கிய அதே டயர், ஆறிய பிறகு 25 பிஎஸ்ஐக்கு வந்துவிடும். அதோடு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பக்கச்சுவர் ஓயாமல் மடிந்து சூடேறும். டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய பம்ப் ஒன்றைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, சக்கர நட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்ப்பதற்குள் டயர் கை வைக்கும் அளவுக்கு ஆறிவிடும். இன்னும் சூடு மிச்சம் இருக்கும் என்பதால், அப்போது தூணில் எழுதிய அளவுக்குச் சற்று மேலாகவே ஏற்றிவிட்டு, ஸ்டெப்னியையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.