உப்புக் காற்றில் ஒரு நீலக் கற்றாழை

"வேலியோரத்தில் சும்மா கிடப்பதைக் காசு கொடுத்தா வாங்கி வந்தாய்?" என்று கேட்டார் மாமியார். ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்துப் பக்கம் வளர்ந்தவருக்குக் கற்றாழை என்றால் ஆடுகூடக் கடிக்காத செடி. நான் வாங்கியது 'புளூ குளோ' என்னும் கலப்பினக் கற்றாழை; சோற்றுக் கற்றாழை அல்ல, அகேவ் எனப்படும் ஆனைக் கற்றாழை வகை. மெக்சிகோவைச் சேர்ந்த அட்டனுவாட்டா, ஒகாகூயி என்ற இரண்டு இனங்களின் பிள்ளை இது. கலிஃபோர்னியாவின் கெல்லி கிரிஃபின் உருவாக்கியது. உயரம் இரண்டு அடியைத் தாண்டாது என்பதால் மாடிச் சுவர் ஓரத்துக்குத் தோதானது. மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது இலையின் விளிம்பு செம்பு உருகியதுபோல ஒளிரும். அதைக் காட்டியும் அத்தை மசியவில்லை.

முதல் செடியைக் கொன்றது நான்தான். ஐப்பசி மழையில் திறந்த மாடியில் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அடி இலையைத் தொட்டால் பழுத்த சப்போட்டாவைப்போல விரல் உள்ளே போனது. தூக்கினேன், வேர் தொட்டியிலேயே தங்கிவிட, செடி மட்டும் கையோடு வந்தது. இந்தக் கரையில் வறட்சியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும்தான் கண்டம்.

ஆகவே மண்ணில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு கொண்டைக்கடலை அளவு செங்கல் துண்டு, அதோடு இரண்டு கைப்பிடி கரி. கரிக்கு நமக்கா பஞ்சம்? சீமைக்கருவேலக் கரிமூட்டத்தில் உதிரும் பொடிசுகளே போதும். கடற்கரை மணலை அள்ளிவர ஆசை வரும், வேண்டாம். உப்பும் இருக்கும், நைசாகவும் இருக்கும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர்கள் அதையும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். தொட்டி மானாமதுரை மண்தொட்டியாக இருந்தால் நல்லது, ஈரத்தை வெளியே விடும். செடியைவிட நான்கு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அடி ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்து விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதை ஊற்றிய தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டியது. இலை நுனிகள் காய்ந்தன. இப்போது குழாயில் வரும் குடிநீரில் ஒரு சொம்பு எடுத்து வைக்கிறேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவேன். கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை வரும். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் உப்பும் புழுதியும் இலையில் படியும். காலையில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் நீலப்பூச்சு போய்விடும், அது திரும்ப வராது.

வாங்கிய அன்றே உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து தழும்பாகும். இரண்டு வாரம் காலை வெயில், பிறகு மெல்ல மாடிக்கு. சித்திரை, வைகாசியில் நடுப்பகலுக்கு மட்டும் நிழல் கொடுக்கிறேன்.

மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சு போதும். இலையை வெட்டும்போது கையுறை போடுங்கள். சாறு பட்டால் அரிக்கும்.

முதல் பெருமழையில் தொட்டியை ஒரு நாள் நனையவிட்டு, மண்ணில் சேர்ந்த உப்பை ஓடவிடுவேன். மறுநாளே வராந்தாவுக்கு எடுத்துவிட வேண்டும். போன ஆண்டு நான் பஸ்ஸில் ராமநாதபுரம் போயிருந்தபோது வானம் கறுத்தது. திரும்பி வந்தால் தொட்டி வராந்தாவில் இருந்தது, சாக்கின் மேல். "பக்கக் கன்று எப்போது விடும்? என் தங்கை வீட்டுக்கு ஒன்று வேண்டும்" என்றார் அத்தை. இந்த ரகம் எளிதில் கன்று விடாது; குருத்தைக் குடைந்தெடுத்தால் பக்கத்தில் முளைக்க வாய்ப்புண்டு. கத்தியை எடுக்கும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை.