வீட்டுக்கு அருகே இரசாயன ஆலையா? கேட்க வேண்டியவையும் படிக்க வேண்டியவையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெரிபேங்க், ஐசிபிங்கோ, சட்ஸ்வர்த் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆலை வாடை புதிதல்ல. காற்று திசை மாறினால் ஜன்னலைச் சாத்துகிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். அந்த ஆலை எதைத் தயாரிக்கிறது, எதைச் சேமித்து வைத்திருக்கிறது, கேட்டால் வாய் திறக்குமா என்று பார்க்க வேதியியல் பட்டம் தேவையில்லை.

2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனுக்கு வடக்கே கார்னுபியாவில் யுபிஎல் நிறுவனத்தின் வேளாண் இரசாயனக் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. தீயணைத்த நீரோடு சேர்ந்து நஞ்சு ஒஹ்லாங்கா ஆற்றில் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன, டர்பனுக்கு வடக்கே கடற்கரைகளை மூடினார்கள். உள்ளே என்னென்ன இருந்தன என்பது அந்தப் புகையைச் சுவாசித்த மக்களுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட பட்டியலைத் தீப்பிடிக்கும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

படி 1: நிறுவனம் யாருடையது?

வாசல் பலகையில் உள்ள பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கலாம். முழுப் பதிவுப் பெயரையும் தாய் நிறுவனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய் நிறுவனம் பன்னாட்டுப் பெருநிறுவனமாக இருந்தால், சுவீடனைச் சேர்ந்த கெம்செக் அமைப்பு வெளியிடும் கெம்ஸ்கோர் தரவரிசையைப் பாருங்கள். ஆபத்தான பொருள்கள் எவ்வளவு, பாதுகாப்பான மாற்றுகளைத் தேடுகிறார்களா, நிர்வாகமும் வெளிப்படைத்தன்மையும் எப்படி, சர்ச்சைகள் உண்டா என்று நான்கு கோணங்களில் மதிப்பிடுகிறார்கள். ஆனால் அது முழு நிறுவனத்துக்கான மதிப்பெண். உங்கள் தெருமுனை ஆலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

படி 2: பாதுகாப்புத் தரவுத் தாளைப் படியுங்கள்

ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட ஒரு தாள் உண்டு. வாங்குபவருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். நேர்மையான நிறுவனம் அதை இணையதளத்திலேயே போட்டுவிடும். போடாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள்.

முழுவதையும் படிக்க வேண்டாம். பகுதி 2-இல் ஆபத்துக் குறியீடுகள் இருக்கும். எச் (H) 350 என்றால் புற்றுநோய் உண்டாக்கலாம். எச் 360 என்றால் கருவளத்தையோ கருவில் உள்ள சிசுவையோ பாதிக்கலாம். எச் 330 சுவாசித்தால் உயிர்போகும் என்கிறது. எச் 410 நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலக் கேடு.

அடுத்து பகுதி 3. அங்கே உட்பொருள்களின் பெயரும் சிஏஎஸ் (CAS) எண்ணும், அதாவது ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணும், இருக்க வேண்டும். எண் சரிதானா என்று நீங்களே பார்க்கலாம். பென்சீனின் எண் 71-43-2. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்டுங்கள்: 3×1, 4×2, 1×3, 7×4. மொத்தம் 42. கடைசி இலக்கம் 2, பொருந்துகிறது. பொருந்தாத எண் தாளில் இருந்தால், அதைத் தயாரித்தவர் அக்கறை காட்டவில்லை என்று பொருள்.

பகுதி 2-இல் எச் 350 போட்டுவிட்டு, பகுதி 3-இல் பெயருக்குப் பதிலாக ‘வணிக இரகசியம்’ என்று எழுதியிருந்தால் அதை நான் பெரிய குறையாகவே எடுத்துக்கொள்வேன். ஆபத்து தெரிந்திருக்கிறது, பெயரை மட்டும் மறைக்கிறார்கள்.

பகுதி 6-இல் ‘வடிகாலில் கலக்க விடாதீர்கள்’ என்று இருக்கும். அப்படியானால் தீயணைக்கும் நீர் எங்கே தேங்கும், தொட்டிகளைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சுவருக்குள் மிகப்பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110% பிடிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கார்னுபியாவுக்குப் பிறகு இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்.

படி 3: சட்டத்தின் வழியாகக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில் நமக்குள்ள பெரிய பலம் இதுதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம், பாயா என்பார்களே, அரசிடம் மட்டுமல்ல, தனியார் நிறுவனத்திடமும் ஆவணம் கேட்க வழிசெய்கிறது. படிவம் 2-ஐ நிரப்பி அனுப்புங்கள். தனியாரிடம் கேட்கும்போது எந்த உரிமையைக் காக்க ஆவணம் தேவை என்று சொல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சுற்றுச்சூழலை உரிமையாகத் தருகிறது. அதையே எழுதுங்கள்.

காற்று உமிழ்வு உரிமம், சேமிப்புப் பொருள்களின் பட்டியல், அவசரத் திட்டம், பெரும் அபாய ஆலை என்ற வகையில் வந்தால் அதன் ஆபத்து மதிப்பீடு, இவற்றைக் கேளுங்கள். உரிமத்தை டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியிடமும் தனியாகக் கேளுங்கள். அங்கே காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடத்திலிருந்தும் வரும் நகல்களை வரிவரியாக ஒப்பிடுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். மறுத்தது தனியார் நிறுவனமானால் தகவல் ஒழுங்காற்று ஆணையத்திடம் முறையிடலாம். ‘உங்களுக்கு இதில் என்ன வேலை’ என்று யாராவது கேட்டால் 2014-ஆம் ஆண்டின் வால் (Vaal) பகுதி வழக்கைச் சொல்லுங்கள். ஆர்சலர்மிட்டல் எஃகு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் திட்ட ஆவணங்களை அப்பகுதி மக்களின் அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படி 4: வாசலில் நில்லுங்கள்

பொதுச் சாலையில் நின்றபடி, உள்ளே போகும் டேங்கர்களின் அபாயப் பலகையைப் பாருங்கள். ஏற்றியிருக்கும் ஆபத்தான பொருளைக் காட்டும் நான்கு இலக்க ஐநா எண் இருக்கும்: 1017 குளோரின், 1090 அசிட்டோன். நிறுவனம் தந்த பட்டியலில் இல்லாத எண் அடிக்கடி வந்தால் எழுதிக் கேளுங்கள். உள்ளே வேலை செய்யும் அண்ணன்மார்களிடம் பேசினால் கையுறை, முகமூடி, பயிற்சி பற்றித் தெரியவரும். அவர்கள் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், அவர்கள் வேலைக்கு ஆபத்து.

கழிவையும் கேளுங்கள். டர்பனுக்கு மேற்கே கேட்டோ ரிட்ஜில் தோர் கெமிக்கல்ஸ் நிறுவனம் கொண்டுவந்து குவித்த பாதரசக் கழிவு, தொழிலாளர்களின் உடலில் நஞ்சேற்றியதோடு நிற்காமல், ஆலை மூடிய பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. எந்த நிறுவனம் கழிவை எடுக்கிறது, எங்கே கொண்டுபோகிறது, ஒப்படைத்த சான்று இருக்கிறதா என்று மூன்று கேள்விகள் போதும்.

படி 5: மதிப்பிடுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: கேட்டது, கேட்ட தேதி, வந்த பதில், பதிலுக்கு ஆதாரமான ஆவணம். நான்காம் பத்தி காலியாக இருந்தால், மூன்றாம் பத்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். தாள் நிரம்பியதும் முதல் நகலை நிறுவனத்துக்கே அனுப்பி, தவறிருந்தால் திருத்த இரண்டு வாரம் கொடுங்கள். பிறகு அக்கம்பக்கத்தாரிடமும் தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பிடமும் பகிருங்கள். அவர்களிடம் இதே ஆலை பற்றிய பழைய புகார்கள் இருக்கக்கூடும்.