டீசல் காரில் இழுவை குறைந்து எஞ்சின் திணறினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் கார் மேடு ஏற மறுக்கிறது. நிறுத்தத்தில் நிற்கும்போது எஞ்சின் உடல் நடுங்குகிறது. இந்தப் புகார்களோடு பட்டறைக்குப் போகிறவர்களில் பலர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையோ மாற்றிவிட்டு வருகிறார்கள். பெருஞ்செலவு செய்தும் சில நாட்களில் பழைய கோளாறு தலைகாட்டுகிறது. கிழிந்த ஒரு ரப்பர் ஹோஸும், அடைத்துக்கொண்ட ஒரு டீசல் ஃபில்டரும் இதே அறிகுறிகளைத் தரக்கூடியவை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எதையும் மாற்றுவதற்கு முன் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பெரும்பாலும் 15 முதல் 18 மடங்கு வரை இறுக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்ளும். ஆக, போதிய காற்று, சரியான அழுத்தத்தில் டீசல், நல்ல கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகுவது) ஆகிய மூன்றும் வேண்டும். இழுவைக் குறைவும் திணறலும் ஏறக்குறைய எப்போதும் இவற்றில் ஒன்றின் குறைபாடுதான். காற்றைச் சோதிப்பது எளிது, கம்ப்ரஷனைச் சோதிப்பது கடினம். அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் பாதுகாப்பு

இன்றைய காமன் ரெயில் எஞ்சினில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்தான் ரெயில். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும். முழு பளுவில் பல எஞ்சின்களில் அது 1,600 பாரையும் தாண்டும். கசிவு இருக்கிறதா என்று எஞ்சின் ஓடும்போது குழாய்களைக் கையால் தடவாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கம் பழைய மெக்கானிகல் பம்ப் காலத்தது. காமன் ரெயிலில் அது அறவே கூடாது. இன்ஜெக்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பார்ப்பதும் கூடாது. அதில் பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்ட்டேஜ் ஓடுகிறது. மேலும், பீசோ வகை (மின்சாரம் பட்டதும் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டர் திறந்த நிலையிலேயே நின்று எஞ்சினைப் பாழாக்கக்கூடும்.

படி 1: கோளாறு எஞ்சினில்தானா?

நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் நன்றாக மிதிக்கும்போது எஞ்சின் சுற்று (ஆர்பிஎம்) ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐடிலிங்கில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) கார் நடுங்கினாலும் எஞ்சின் சத்தம் சீராக இருந்தால், எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம். இவற்றைப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

படி 2: எப்போது, எப்படி என்று எழுதிவையுங்கள்

கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்பதே பாதி விடை. காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் நடுங்கி, சூடானதும் சரியாகிறதா? குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைப் பாருங்கள். ஐடிலிங்கில் நன்றாக இருந்து, அதிக வேகத்திலும் மேட்டிலும் மட்டும் இழுவை விடுகிறதா? டீசல் வரத்தும் டர்போ காற்றும் சந்தேகத்துக்குரியவை. ஐடிலிங்கில் நடுக்கம், வேகத்தில் பரவாயில்லை என்றால் ஈஜிஆர் வால்வு (புகைவாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடுவது), இன்ஜெக்டர், கம்ப்ரஷன். திடீரென்று சக்தி முழுதும் போய், சுற்று ஏறக்குறைய 3,000-க்கு மேல் ஏறாமல், நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிறதா? அது எஞ்சின் கணினி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் 'லிம்ப் மோட்'. காரணத்தை அது நினைவில் பதிந்து வைத்திருக்கும்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதி. கண்ணை எரிக்கும் வெண்புகை, எரியாமல் வெளியேறும் டீசல். அதே வெண்மையில் இனிப்பான வாடை வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால், சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். நீலப்புகையோடு ஆயில் வேகமாகக் குறைந்தால் காரை ஓட்டாதீர்கள். எஞ்சின் தன் சொந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடும் அபாயம் இருக்கிறது.

படி 3: ஸ்கேனரில் 'கேட்டது' எவ்வளவு, 'கிடைத்தது' எவ்வளவு

டேஷ்போர்டின் அடியில் உள்ள 16 முனை ஓபிடி சாக்கெட்டில் எளிய ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண்களைப் படிக்கலாம். பி0299 டர்போ அழுத்தம் குறைவு, பி0234 டர்போ அழுத்தம் அதிகம், பி0087 ரெயில் அழுத்தம் குறைவு, பி0401 ஈஜிஆர் ஓட்டம் குறைவு, பி0101 காற்றளவு சென்சாரின் அளவீடு பொருந்தவில்லை. அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண் சொல்வது விளைவை மட்டுமே. பி0299 வந்தால் டர்போ போய்விட்டது என்று பொருளில்லை. கேட்ட அழுத்தம் வந்து சேரவில்லை என்றுதான் கணினி சொல்கிறது. டர்போ நன்றாக உழைத்து, அதன் காற்று வழியில் ஒழுகிப்போனாலும் அதே எண்தான். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனியாமல் மாற்றப்படும் டர்போக்களை நினைத்தால் மனம் வெதும்புகிறது.

எனவே நேரலை அளவுகளுக்குப் போங்கள். முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். இன்டேக் அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும், கடல் மட்டத்தில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். அதுவே தவறென்றால் சென்சாரையோ அதன் வயரையோ முதலில் சரிசெய்ய வேண்டும்.

பிறகு இன்னொருவரைப் பக்கத்தில் அமர்த்தி, எஞ்சின் சூடான பின், வாகனமில்லாத சாலையில் மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள், ஸ்கேனரை அவர் பார்க்கட்டும் அல்லது பதிவு செய்யட்டும். கேட்ட டர்போ அழுத்தம், கிடைத்த டர்போ அழுத்தம், கேட்ட ரெயில் அழுத்தம், கிடைத்த ரெயில் அழுத்தம் ஆகிய நான்கும் போதும். டர்போ அழுத்தம் மட்டும் பின்தங்கினால் காற்றுப் பக்கம் போங்கள். ரெயில் அழுத்தம் பின்தங்கினால் டீசல் பக்கம். இரண்டும் கேட்டபடியே கிடைத்து, கேட்பதே குறைவாக இருந்தால், கணினி வேண்டுமென்றே கட்டுப்படுத்துகிறது. ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், எஞ்சின் வெப்பம், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் துகள் ஃபில்டர் ஆகியவற்றைப் பாருங்கள். வெறும் எண்களை வைத்துப் பொருள் மாற்றுவதைவிட இந்த ஒரு ஓட்டம் பல மடங்கு மேல்.

படி 4: காற்றின் வழி

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பிறகு டர்போவிலிருந்து, அதன் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்டேக்குக்கும் போகும் தடித்த ஹோஸ்களைக் கையால் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஐடிலிங்கில் மூடியிருக்கும் வெடிப்பு, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். பெரும்பாலும் அடிப்பக்கத்திலும், கிளாம்ப் இறுக்கும் விளிம்பிலும், பக்கத்துப் பாகத்தோடு உரசும் இடத்திலும்தான் கிழிகிறது. ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. வெளியே புதிதாக எண்ணெய் ஈரம் படிந்த இடமே ஒழுகும் இடம். மிதிக்கும்போது 'ஸ்ஸ்' என்ற சீறலும் பின்னால் கரும்புகையும் வந்தால் இதையே முதலில் நம்பலாம்.

ஹோஸ் நன்றாக இருந்தால், அடுத்து வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) செல்லும் குழாய்கள். பல டர்போக்களின் உள்ளே இருக்கும் அசையும் இதழ்களை, வேக்குவத்தால் இயங்கும் ஆக்சுவேட்டரின் கம்பி நகர்த்துகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கம்பி இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசைவே இல்லையென்றால், நாள்பட்டு இறுகி வெடித்த மெல்லிய குழாய், கட்டுப்படுத்தும் சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), வேக்குவம் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கம்பி தயங்கித் தயங்கி நகர்ந்தால் இதழ்களில் கரி படிந்திருக்கும். மின் மோட்டாரில் இயங்கும் ஆக்சுவேட்டருக்கு ஸ்கேனர் வழியாகத்தான் சோதனை.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் டர்போவைத் தொடுங்கள். எஞ்சின் ஆறிய நிலையில் இன்டேக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. முன்னும் பின்னும் அசைவு உணரப்பட்டாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது.

காற்றளவு சென்சாரைச் சோதிக்க, எஞ்சினை அணைத்து அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். இழுவை கூடினால் சென்சார் சந்தேகத்துக்குரியது. ஆனால் அந்த நிலையில் பல கணினிகள் ஈஜிஆர் வால்வையும் மூடிவிடும். அதனால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றால், புகைவாயு எப்போதும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஐடிலிங் நடுங்கும், மெதுவாக மிதிக்கும்போது கரும்புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்வதே சரியான வழி. ஓடும் டீசல் எஞ்சினின் காற்று வழியில் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதுவும் எரிபொருள்தான், எஞ்சின் கட்டுமீறி ஓடலாம்.

புகைப்போக்கியில் துகள் ஃபில்டர் உள்ள கார்களில் அழுத்த வேறுபாட்டு சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது சுழி, ஐடிலிங்கில் சுத்தமான ஃபில்டர் என்றால் சில மில்லிபார் மட்டும். குறுகிய தூரமே ஓடும் கார்களில் கரியை எரிக்கும் சுழற்சி பாதியில் நின்றுபோகும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

படி 5: டீசலின் வழி

டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், மாற்றிவிட்டே மேலே தேடுங்கள். இது ஒன்றுதான் சோதிக்காமல் மாற்றச் சொல்லும் பாகம். பழைய ஃபில்டரில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தங்கினால் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். பளபளக்கும் உலோகத் துகள் இருந்தால் உயர் அழுத்த பம்ப் தேய்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் துகள்கள் இன்ஜெக்டர் வரை போய்விடும். புதிய ஃபில்டரில் டீசல் நிரம்பும்படி பிரைம் செய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பம்புக்கு மசகும் டீசல்தான்.

பம்புக்கு வரும் வழியில் ஒளி ஊடுருவும் குழாய் இருந்தால் அதில் காற்றுக்குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். நின்ற கார் ஸ்டார்ட் ஆக நேரமெடுத்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். டேங்க் மூடியைத் தளர்த்தியதும் இழுவை திரும்பினால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

படி 6: எந்த சிலிண்டர்?

குளிரில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு க்ளோ பிளக்குகளை மல்ட்டிமீட்டரால் அளந்தால் போதும். மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும், முடிவிலி காட்டுவது இறந்துவிட்டது.

சூடான பிறகும் நடுங்கினால், ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய இன்ஜெக்டர் திருத்த அளவைப் பாருங்கள். ஐடிலிங் சீராக இருக்க, பலவீனமான சிலிண்டருக்குக் கணினி கூடுதல் டீசல் கொடுக்கும். மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் எண்ணே நீங்கள் தேடும் சிலிண்டர். ஆனால் குற்றம் இன்ஜெக்டரிலா, கம்ப்ரஷனிலா என்று அந்த எண் சொல்லாது.

அதற்குத் திரும்பு டீசல் சோதனை உதவும். எஞ்சினை அணைத்துவிட்டு, இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி அளவுக்குப்பியில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. ரெயில் அழுத்தம் ஏறாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்புத் தார்போல் படிந்து, 'சஃப் சஃப்' என்று சத்தம் வந்தால், கசிவது அடியிலுள்ள செம்பு வாஷர். புதிய இன்ஜெக்டர் பொருத்தினால் அதன் குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பல கார்களில் நடுக்கம் தொடரும்.

படி 7: கம்ப்ரஷன்

இங்கே பட்டறையின் உதவி தேவைப்படும். பெட்ரோல் கேஜ் இதற்கு உதவாது, டீசலுக்கென்று உள்ள கேஜ் வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் பொதுவாக 25 முதல் 35 பார் வரை காட்டும். துல்லியமான எல்லையும், சிலிண்டர்களுக்கிடையே அனுமதிக்கப்படும் வேறுபாடும் அந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் வால்வு, ரிங் அல்லது கேஸ்கெட். எல்லாவற்றிலும் ஒருசேரக் குறைந்தால் டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தப் படியில் கோளாறு பிடிபட்டாலும், சரிசெய்தபின் கோளாறு எண்களை அழித்துவிட்டு, மூன்றாவது படியில் ஓட்டிய அதே சாலையில், அதே கியரில் ஓட்டி, அந்த நான்கு அளவுகளையும் மறுபடி பதிவு செய்து பழையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்டதும் கிடைத்ததும் இன்னும் விலகியே இருந்தால், விலகும் பக்கத்தில் அடுத்த பாகத்திலிருந்து தேடலைத் தொடருங்கள்.