ஆயிரம் மின்னஞ்சல்களை ஒரே அழைப்பில் நகர்த்த ஏஐ முகவருக்கு ஒரு கருவி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் சித்தப்பா அரிசி ஆலை நடத்துகிறார். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தை, மாசி இரண்டு மாதமும் லாரி வரத்து ஓயாது. ஒவ்வொரு லாரிக்கும் எடைச்சீட்டு மின்னஞ்சலில் வரும். வங்கி அறிவிப்பு, ஜிஎஸ்டி நினைவூட்டல், விளம்பரம் எல்லாம் அதே இன்பாக்ஸில்தான் வந்து விழும். போன தையில் ஒரே ஒரு எடைச்சீட்டைத் தேடி நள்ளிரவு வரை அவர் கணினி முன் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கருவியை எழுதினேன். பைத்தானில் சின்னச் சின்ன நிரல் எழுதிப் பழகியவர் ஒரு மாலைப் பொழுதில் இதைச் செய்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஏஐ முகவர் என்பது நாம் சொல்வதைப் புரிந்து, நாம் கொடுக்கும் கருவிகளை அழைத்து வேலை செய்யும் செயலி. அதனிடம் ‘ஒரு மின்னஞ்சலை நகர்த்து’ என்ற கருவியைக் கொடுத்தால், ஆயிரம் மின்னஞ்சலுக்கு ஆயிரம் முறை அழைக்கும். ஒவ்வொரு பதிலும் அதன் நினைவில் இடம் பிடிக்கும். பாதி வழியில் எதை நகர்த்தினோம் என்பதே குழம்பிப்போகும். ஆகவே மின்னஞ்சல் எண்களின் பட்டியலை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வேலையை நிரலே முடிக்க வேண்டும்.

படி 1: இணைப்பு

ஜிமெயில் என்றால் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்குங்கள். ஐமேப் (மின்னஞ்சல் பெட்டியை நிரல்கள் அணுகும் நெறிமுறை) சேவையகத்தின் போர்ட் 993. கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வையுங்கள். முகவரின் கண்ணில் அது படவே கூடாது. நூலகத்துக்கு நான் பரிந்துரைப்பது ‘ஐமேப்கிளையன்ட்’. பைத்தானோடு வரும் ‘ஐமேப்லிப்’ கோப்புறைப் பெயரைத் தமிழில் வைத்தால் தடுமாறும். ஐமேப்கிளையன்ட் ‘எடைச்சீட்டு’ என்ற பெயரை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

படி 2: தேடல்

அனுப்பியவர், பொருள், தேதி மூன்றையும் கொண்டு தேடும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்று எழுதுங்கள். அது யூஐடி எண்களைத் திருப்பித் தர வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஐமேப்பில் ஒரு மின்னஞ்சலுக்கு இரண்டு எண்கள் உண்டு: வரிசை எண், யூஐடி என்ற தனி அடையாள எண். வரிசை எண் நிலையற்றது: 3ஆவது மின்னஞ்சலை நகர்த்திய கணமே 4ஆவதாக இருந்தது 3ஆவதாகிவிடும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தொடர்ந்தால் வங்கிக் கடிதம் எடைச்சீட்டுக்குள் போய் உட்காரும். யூஐடி அந்தக் கோப்புறைக்குள் அப்படி மாறாது. ஐமேப்கிளையன்ட் இயல்பாகவே யூஐடியைத்தான் தருகிறது.

படி 3: நகர்த்தல்

யூஐடி பட்டியல், சேர வேண்டிய கோப்புறை, ‘ஒத்திகை’ என மூன்று உள்ளீடுகள். ஒத்திகை எப்போதும் இயங்கும் நிலையிலேயே தொடங்கட்டும். அப்போது கருவி எதையும் தொடாமல், எத்தனை மின்னஞ்சல், எந்தக் கோப்புறைக்கு, முதல் ஐந்தின் பொருள் என்ன என்று மட்டும் சொல்லும். நீங்கள் பார்த்து ‘சரி’ என்ற பிறகே உண்மையான நகர்த்தல்.

நகர்த்துவதற்கு ‘மூவ்’ என்ற கட்டளை 2013இல் ஐமேப்புக்கான நீட்டிப்பாக வந்தது. அதற்கு முன் நகலெடுத்து, பழையதை அழிப்பதாகக் குறித்து, பிறகு நீக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் இரண்டு இடத்திலும் நிற்கும். உங்கள் சேவையகம் மூவ் கட்டளையை ஏற்கிறதா என்று நிரலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் ஏற்கிறது. ஆயிரத்தையும் ஒரே மூச்சில் திறந்துவிடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல் இருநூறு இருநூறாக அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் நகர்ந்தவை எத்தனை, நின்றவை எவை என்பதைக் கருவி திருப்பிச் சொல்லட்டும்.

நகர்த்தும் முன் ஒவ்வொன்றின் தலைப்பகுதியில் உள்ள மெசேஜ்-ஐடி என்ற அடையாளத்தையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். புதிய கோப்புறையில் யூஐடி வேறாகிவிடும், மெசேஜ்-ஐடி மாறாது. பிழை நேர்ந்தால் அதைப் பிடித்துத்தான் திரும்பக் கொண்டுவர முடியும்.

படி 4: முகவரோடு சேர்த்தல்

முகவரையும் கருவியையும் இணைக்க எம்சிபி என்ற நெறிமுறை வசதியானது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. செயற்கூற்றின் தலையில் நீங்கள் எழுதும் விளக்கத்தைத்தான் முகவர் படிக்கிறது. ‘முதலில் ஒத்திகை, பயனர் ஒப்புதல் இல்லாமல் நகர்த்தாதே’ என்று அங்கேயே எழுதுங்கள். கருவி உங்கள் கணினியிலேயே ஓடுகிறதென்றால், சோதனைக்காகக்கூட ‘பிரின்ட்’ போடாதீர்கள். முகவரோடு பேசும் வழியே அந்த வெளியீடுதான், அது கலங்கிவிடும்.

படி 5: வேலி

வருகிற மின்னஞ்சல் எவர் எழுதியதாகவும் இருக்கலாம். ‘எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பு’ என்று அதற்குள் ஒருவர் எழுதியிருந்தால், முகவர் அதை உங்கள் உத்தரவாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. விளக்கத்தில் எச்சரிக்கை எழுதினால் மட்டும் போதாது; நிரலே தடுக்க வேண்டும். நான் அனுமதித்த கோப்புறைகள் நான்கே. அழிக்கும் செயற்கூறு, அனுப்பும் செயற்கூறு இரண்டும் கிடையாது. குப்பைக் கோப்புறையும் பட்டியலில் இல்லை. ஜிமெயிலில் அங்கே போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். உள்ளடக்கத்தையும் முகவருக்குக் கொடுப்பதில்லை. அனுப்பியவர், பொருள், தேதி போதும்.

இனி ஓட்டிப் பாருங்கள். ‘எடைமேடை முகவரியிலிருந்து தை மாதம் வந்தவற்றை எடைச்சீட்டுக்கு மாற்று’ என்று கேளுங்கள். ஒத்திகைப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். முதல் தடவை பத்து மட்டும் நகர்த்தி, அந்தப் பத்தையும் பதிவுக் கோப்பைக் கொண்டு இன்பாக்ஸுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பத்தும் திரும்பி வந்துவிட்டால், மீதியை அனுப்பலாம்.