மரவேலைக் கருவிகளை விமானத்தில் கொண்டுபோவது எப்படி?

உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் விமானத்தில் கொண்டுபோகலாம், செக்-இன் பையில் போட்டால். முதல் முறை கிளம்புகிறவர்கள் விதிகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். விதிகள் எளிமையானவை, அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். கவனம் வேண்டியது பை அடுக்குவதில்தான். அந்தப் பையை முன்பின் தெரியாத ஒரு பாதுகாப்பு ஊழியர் திறக்கக்கூடும், அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். உறையில்லாத உளியின் மேல் அவர் கை பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபடியே அடுக்குங்கள்.

படி 1: எது எந்தப் பையில்?

அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கருவியின் முழு நீளத்தை அளக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 7 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 18 செ.மீ.க்கு மேல் இருந்தால் கேபினில் இடமில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் பிடியைக் கணக்கில் எடுப்பதில்லை. அலகோ தண்டோ 6 செ.மீ.யைத் தாண்டக்கூடாது என்கின்றன. அங்கே உளியும் திருப்புளியும் பெயர் சொல்லியே பட்டியலில் இருக்கின்றன. ரம்பம், துளைப்பான், அதில் மாட்டும் துளையிடும் அலகுகள் ஆகியவற்றுக்கு அமெரிக்காவிலும் பிரிட்டன், ஐரோப்பாவிலும் நீளம் எதுவானாலும் கேபினில் அனுமதி இல்லை.

'என்னுடைய சின்ன உளி 7 அங்குலத்துக்குள்தான் இருக்கிறது' என்று கேபினில் எடுத்துப்போக நினைக்காதீர்கள். பட்டியல் என்ன சொன்னாலும் கடைசி முடிவு சோதனை வாயிலில் நிற்கும் அதிகாரியுடையது. அவர் மறுத்தால், வரிசையில் நின்றபடியே உளியை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். போகும்போது விட்டார்கள் என்பதற்காகத் திரும்பும்போதும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது; இடையில் விமானம் மாறும் ஊரில் மறுபடி சோதித்தால் அந்த ஊரின் விதிதான் செல்லும்.

ஆகவே வெட்டுவது, குத்துவது, அடிப்பது எல்லாம் செக்-இன் பைக்கு. அளவு நாடா, பென்சில், வரைபடம், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை கைப்பைக்கு.

படி 2: பேட்டரி மட்டும் நேர் எதிர்

கம்பியில்லாத துளைப்பான் செக்-இன் பையில் போக வேண்டும். அதன் உபரி லித்தியம் பேட்டரியோ கட்டாயம் உங்களுடன் கேபினில் வர வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் கையால் அணைக்க அங்கே ஆள் கிடையாது என்பதுதான் காரணம்.

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. 100 வரை தனி அனுமதி தேவையில்லை. அதே 18 வோல்ட்டில் 6 ஆம்பியர்-மணி என்றால் 108 ஆகிவிடும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், உபரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. உலோக முனைகள் எதன் மேலும் உரசாதபடி டேப் ஒட்டிவிடுங்கள்.

படி 3: வீட்டிலேயே விட வேண்டியவை

தின்னர், ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் (மரத்துக்குப் பூசும் அரக்கு மெருகு), துருவகற்றும் ஸ்பிரே, தீப்பிடிக்கும் ஒட்டுப்பசை ஆகியவை எந்தப் பையிலும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த எண்ணெய் காற்றுப்பட்டு உலரும்போது சூடாகும், சுருட்டி வைத்த துணி தானாகவே பற்றிக்கொள்ளும். இதெல்லாம் போகிற ஊரிலேயே கிடைக்கும்.

படி 4: எடை

பெரும்பாலான நிறுவனங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு ஒரு பை 23 கிலோ. அதிகக் கட்டணம் கட்டினாலும் பொதுவாக ஒரே பையில் 32 கிலோவுக்கு மேல் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். இரும்பு இழைப்புளிகளில் நடுத்தர அளவான எண் 5 ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல். அதைவிட நீளமான எண் 7 இன்னும் ஒன்றரைக் கிலோ கூடுதல். பயிற்சி வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு இழைப்புளி, மூன்று நான்கு உளி, ஒரு ரம்பம் போதும். பட்டறையையே பெயர்த்துக்கொண்டு போக ஆசை வரும்; சாணைக்கல்லின் எடையைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

படி 5: கூர்முனைகளை மூடுதல்

இங்கே அவசரப்படாதீர்கள்.

உளியைச் செய்தித்தாளில் சுற்றினால் போதாது. பை ஒரு முறை குலுங்கினாலே நுனி தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தடித்த அட்டையை உளியின் அகலத்துக்கு வெட்டி, நுனிக்கு மேல் ஒரு விரற்கடை நீளும்படி இரண்டாக மடித்து, அந்த மடிப்புக்குள் நுனியைச் செருகுங்கள். அட்டையின் பக்கங்களையும் உளியின் தண்டையும் சேர்த்து டேப்பால் சுற்றுங்கள். கூர்முனையின் மேல் டேப் நேரடியாக ஒட்டக் கூடாது. பிறகு பிடியைப் பிடித்து நன்றாக உதறுங்கள். உறை அசைந்தால் மறுபடி சுற்றுங்கள். இப்படித் தயாரான உளிகளைத் தடித்த துணிச் சுருளில் ஒவ்வொன்றாகச் செருகிச் சுருட்டிக் கட்டலாம்.

இழைப்புளியில் அலகைக் கழற்றித் தனியே உறையிடுவது நல்லது. உடல் வார்ப்பிரும்பாக இருந்தால் அது வளையாது, உடைந்துவிடும். அலகு வெளியே நீளும் வாய்ப்பகுதி மெலிந்த இடம். பின்னால் உள்ள மரப்பிடியும் ஒரே அடியில் பிளக்கும். பின்பிடிக்கும் உடலுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஒரு காலுறையைத் திணித்து, முழுவதையும் துண்டில் சுற்றி, பையின் நடுவில் துணிகளுக்கு இடையே வையுங்கள். சுவரோரமும் மூலையும் வேண்டாம், பை விழும்போது அடி படுவது அங்கேதான்.

ரம்பத்தின் பற்களுக்குத் தோட்டத்து ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடலாம். தகடு வளையாமல் இருக்க, பையின் கெட்டியான பக்கத்தை ஒட்டிப் படுக்க வையுங்கள். அலகைக் கழற்றக்கூடிய ஜப்பானிய இழுவை ரம்பம் பயணத்துக்கு மிக வசதி. அலகு பெரிய புத்தகத்தின் இடத்தைக்கூட எடுத்துக்கொள்ளாது. தண்ணீரில் ஊறும் சாணைக்கல் என்றால் நன்றாகக் காயவைத்து எடுங்கள், ஈரம் இருந்தால் பக்கத்தில் உள்ள எஃகு துருப்பிடிக்கும்.

படி 6: திறப்பவருக்கு உதவுங்கள்

எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், துணி, மரம், உணவு போன்றவை ஆரஞ்சாகவும் தெரியும். இரும்பின் மேல் இரும்பாக அடுக்கினால் கதிர் ஊடுருவாமல் வெறும் கருப்புக் கட்டியாகிவிடும், பையைத் திறந்துதான் பார்ப்பார்கள். கருவிகளை ஒரே அடுக்கில் பரப்புங்கள்.

உள்ளே எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாள்: 'கைவினை மரவேலைக் கருவிகள். கூர்முனைகள் உள்ளன, உறையிடப்பட்டிருக்கின்றன.' ஆங்கிலத்தில் எழுதிக் கீழே பட்டியலும் தாருங்கள். கருவிகளைப் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கிக் கட்டாதீர்கள். வெட்டி எடுப்பார்கள், திரும்பக் கட்டமாட்டார்கள். எளிதாகச் சுருட்டித் திரும்ப வைக்கும்படி இருந்தால் வைத்தது வைத்தபடி வரும். அமெரிக்கப் பயணத்துக்கு அந்நாட்டு அதிகாரிகளிடம் சாவி உள்ள வகைப் பூட்டு தேவை. மற்றதை உடைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மூடும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

படி 7: பிடி என்ன மரம்?

இது பலருக்குத் தோன்றாது. பழைய இழைப்புளிகள் பலவற்றின் பிடி பிரேசிலிய ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் அழிந்துவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. தந்தம் பதித்த பழங்கருவிக்கும் இதே சிக்கல்தான். தாத்தா காலத்துக் கருவி என்றால் வீட்டில் இருக்கட்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரப்பிடி, மரப்பெட்டி எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். மரத்தூள், பட்டை, மண் ஒட்டியிருக்கக் கூடாது. இழைப்புளியின் வாய்க்குள் தங்கிய சுருளைக்கூடத் தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

இறங்கியதும்

குளிர்ந்த சரக்கு அறையிலிருந்து வெப்பமான, ஈரமான ஊருக்கு வந்த எஃகின் மேல் நீர் பூக்கும். பை அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து திறந்து, ஒவ்வொன்றையும் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவுங்கள். உடைந்திருந்தால் புகைப்படத்தோடு உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பை கைக்கு வந்த 7 நாளுக்குள் புகார் விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வதேசப் பயணத்தில் இழப்பீட்டு வரம்பு ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, SDR). உங்கள் கருவிகள் அதைவிட மதிப்புள்ளவை என்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட வழி உண்டு; இல்லையென்றால் புறப்படும் முன் தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.