முதல்முறை வால்பேப்பர் ஒட்டுகிறீர்களா? தாளைத் திருப்பி முதுகைப் பாருங்கள்

கடையில் கேட்லாக்கைப் புரட்டும்போது கண் போவதெல்லாம் பூவுக்கும் நிறத்துக்கும்தான். ஆனால் ஒட்டும் வேலை சுலபமாக முடியுமா, பாதியிலேயே கைவிட வைக்குமா என்பது தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் ஒரே மாதிரி தெரியும் இரண்டு ரோல்களில் ஒன்று புதியவருக்கும் படியும். மற்றொன்று பழகிய கைக்கே தண்ணி காட்டும். நம் ஊர்க் கடைகளில் இரண்டுக்கும் 'பிவிசி வால்பேப்பர்' என்ற ஒரே பெயர்தான் சொல்வார்கள் என்பதால், திருப்பிப் பார்க்கும் வேலை உங்களுடையது.

எந்த முதுகு நல்லது?

பின்பக்கம் சாதாரணக் காகிதமாக இருந்தால், பசை பட்டதும் அது ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் விரியும். 53 செ.மீ. அகலத் தாள் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரைகூட விரியலாம். அதனால்தான் அந்த வகைக்குத் தாளில் பசை தடவி, மடித்து, 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்த பிறகே ஒட்ட வேண்டும். ஊறாமல் ஒட்டினால் சுவரில் ஏறிய பிறகு விரிந்து கொப்புளம் போடும். அதிகம் ஊறினால் தூக்கும்போதே கிழியும். ஒரு துண்டு 4 நிமிடம், அடுத்தது 12 நிமிடம் என்று ஊறினால் இரண்டும் வேறு வேறு அளவுக்கு விரிந்து டிசைன் சேராது. காய்ந்ததும் சுருங்கி ஜாயிண்ட் வாய் பிளக்கும். முதல்முறை ஒட்டுபவருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாதி இங்கிருந்து வருவதுதான்.

நான்-ஓவன் முதுகு உள்ள தாள் விரிவதில்லை. மர நாரும் பாலியெஸ்டர் இழையும் கலந்து அழுத்திச் செய்த விரிப்பு அது. ஜவுளிக்கடையில் தரும் நான்-ஓவன் பையின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஈரம் பட்டாலும் அளவு மாறாது. ஆகவே பசையைச் சுவரில் தடவிவிட்டு, காய்ந்த தாளை நேராக ரோலிலிருந்து எடுத்து ஒட்டலாம். மேசை வேண்டாம், ஊறல் வேண்டாம், கடிகாரம் பார்க்க வேண்டாம். கோணலாகிவிட்டால் உரித்து மறுபடி ஒட்டலாம். சில வருடம் கழித்துச் சலித்தால், பெரும்பாலும் மேல் மூலையைப் பிடித்து இழுத்தால் துண்டு முழுசாகக் கழன்று வரும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாம்பிள் துண்டு ஒன்று கேளுங்கள். ஓரத்தைக் கிழித்தால், நான்-ஓவன் வகையில் மெல்லிய நார் இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் உறுதியாக வேண்டுமா? பின்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து 5 நிமிடம் வையுங்கள். காகித முதுகு சுருண்டு வளையும். நான்-ஓவன் தட்டையாகவே கிடக்கும். ரோலின் லேபிளிலும் குறி இருக்கும்: பிரஷ் சுவர்மேல் பசை தடவுவதுபோல் படம் இருந்தால் உங்களுக்கானது.

'ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டுவது இன்னும் ஈசி இல்லையா?' என்று எல்லோரும் கேட்பார்கள். அலமாரிக் கதவு, ஃபிரிட்ஜ், மேசைப் பலகை போன்றவற்றுக்குச் சரி. முழுச் சுவருக்கு வேண்டாம். 45 செ.மீ. அகலத்தில் 10 அடி நீளம் தொங்கும் ஒட்டும் பிளாஸ்டிக், தன்மேலேயே ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது இழுபட்டு நீண்டுவிடும். நீண்டது பிறகு சுருங்கி ஜாயிண்டைத் திறக்கும். சுவரில் கொஞ்சம் தூசி, பிரைமர் போடாத பட்டி, மாவு உதிரும் டிஸ்டெம்பர் இருந்தாலும் போதும், ஓரங்கள் எழுந்து நிற்கும். உரித்தால் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு வரும்.

டிசைனில் ஏமாறாமல் இருக்க

முதுகு முடிவானதும் முன்பக்கத்துக்கு வரலாம். முதல் முறைக்கு மேட் பரப்பு, வெளிர் அல்லது நடுத்தர நிறம், லேசான நூல்துணி அல்லது சிமெண்ட் போன்ற சொரசொரப்பு, பக்கத்துத் துண்டோடு பொருத்தம் பார்க்கத் தேவையில்லாத டிசைன் ஆகியவை கைகொடுக்கும். சொரசொரப்பு சுவரின் சின்ன மேடு பள்ளத்தையும் உங்கள் சின்னத் தவறையும் மறைக்கும். கோடு போட்ட தாள் சுவரின் கோணலை ஊருக்கே காட்டும். நம் வீடுகளில் மூலை செங்கோணமாக இருப்பது அபூர்வம். பளபளக்கும் வகையில் ஒவ்வொரு மணலும் தெரியும். அடர் நிறத்தில் ஜாயிண்ட் மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். புல், நார் ஒட்டிய இயற்கை வகையில் பசை ஒரு சொட்டு பட்டால் கறை நிரந்தரம். இவையெல்லாம் மூன்றாவது சுவருக்கு.

லேபிளில் டிசைன் பொருத்தத்துக்கும் அம்புக்குறி உண்டு. அம்புக்கு எதிரே 0 என்றால் பொருத்தம் பார்க்க வேண்டாம். இரண்டு அம்புகள் நேருக்கு நேர் இருந்தால் பக்கத்துத் துண்டு அதே உயரத்தில் சேரும். ஏறி இறங்கி இருந்தால் பக்கத்துத் துண்டைப் பாதி டிசைன் கீழே இறக்கிச் சேர்க்க வேண்டும். அலைக்கோடு எத்தனை உண்டோ அந்த அளவுக்குத் துடைக்கலாம்; பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு அலை போதாது.

எத்தனை ரோல்?

இங்கே அதிகம் விற்பது 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம் உள்ள ரோல். கடைக்காரர் கணக்கில் 57 சதுர அடி. சுவரின் சதுர அடியை 57-ஆல் வகுத்து வாங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. துண்டுகளை எண்ண வேண்டும்.

12 அடி அகலம், 10 அடி உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். 12 அடி என்பது 366 செ.மீ. அதை 53-ஆல் வகுத்தால் 6.9, ஆக 7 துண்டு. உயரம் 305 செ.மீ.; மேலும் கீழும் வெட்டி எடுக்க 5 செ.மீ. வீதம் சேர்த்து 315. ஒரு ரோலில் 1005 செ.மீ. இருப்பதால் 3 துண்டு கிடைக்கும். 7 துண்டுக்கு 3 ரோல். சதுர அடிக் கணக்கு 2.1 என்று சொல்லும். அதை நம்பி 2 வாங்கியவர் கடைசித் துண்டுக்குக் கடையைத் தேடி ஓடுவார், அதே சாயம் கிடைக்காது.

பாதி இறக்கிச் சேர்க்கும் டிசைன், 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பி வருவது என்றால் கதை மாறும். முதல் துண்டு 0-விலிருந்து 315 வரை. இரண்டாவது, பாதி டிசைன் தள்ளி 352-இல் தொடங்கி 667-இல் முடியும். மூன்றாவது 704-இல் தொடங்க வேண்டும். 1019 வரை போகும். ரோலில் இருப்பதோ 1005. 14 செ.மீ. குறைவதால் மூன்றாவது துண்டு போச்சு, 4 ரோல் வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு: ஒற்றைப்படைத் துண்டுகளை ஒரு ரோலிலும் இரட்டைப்படைத் துண்டுகளை இன்னொரு ரோலிலும் வெட்டினால் இரண்டிலும் மும்மூன்று கிடைத்து, 3 ரோலிலேயே முடியும். ஆனாலும் முதல் சுவரிலேயே இந்தக் கணக்கு எதற்கு?

106 செ.மீ. அகலக் கொரியன் ரோலும் உண்டு. ஜாயிண்ட் குறைவு, ஆனால் ஈரப் பசைமேல் அந்த அகலத்தை நேராகப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். எந்த ரோல் வாங்கினாலும் எல்லாவற்றிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் அச்சானவற்றுக்கான எண்) இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

சுவர் தயாரா?

தாளைவிடச் சுவர்தான் அதிகம் காலை வாரும். ஓதம் ஏறும் சுவர், அடுத்த பக்கம் குளியலறை உள்ள சுவர், மழை நேரே அடிக்கும் வெளிச்சுவர் மூன்றையும் விட்டுவிடுங்கள். தாளின் வினைல் (அதாவது பிவிசி) முகம் ஈரத்தை வெளியே விடாது. பின்னால் பூஞ்சை பிடித்து நாறும். சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் தை பிறக்கும்வரை பொறுப்பது நல்லது.

அடுத்து உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். ஆணி ஓட்டை, விரிசல்களுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடைத்து, ஒரு கோட் பிரைமர் அடித்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெறும் பட்டி பசையின் தண்ணீரை நொடியில் குடித்துவிடும். தாளை நகர்த்திச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. பிரைமரைத் தவிர்த்தால் பின்னாளில் உரிக்கும்போது பட்டியும் கூடவே வரும். நல்ல எமல்ஷன் பெயிண்ட் உறுதியாக நின்றால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும்.

ஒட்டுவோம்

ஜன்னலோ கதவோ இல்லாத ஒரே ஒரு சுவர், உதாரணமாகக் கட்டிலின் தலைமாட்டுச் சுவர், முதல் முயற்சிக்கு ஏற்றது. கையில் இருக்க வேண்டியவை: டேப், தூக்குக்குண்டு அல்லது நீளமான ரசமட்டம், பென்சில், ரோலர், 2 இஞ்ச் பிரஷ், பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், அகலமான பட்டி ப்ளேடு, நுனி உடைக்கும் கட்டரும் உபரி ப்ளேடுகளும், ஸ்பாஞ்ச், ஒரு வாளி சுத்தமான தண்ணீர், ஏணி.

சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். காற்றில் பசை ஓரத்தில் முந்திக் காய்ந்துவிடும்.

மூலையிலிருந்து 52 செ.மீ. தள்ளி, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக ஒரு பென்சில் கோடு போடுங்கள். மிச்சமுள்ள 1 செ.மீ. மூலைக் கோணலில் வெட்டி எடுக்க. மூலையையே நேர் என்று நம்பித் தொடங்கினால் நாலாவது துண்டில் கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்ந்திருக்கும். பேனா வேண்டாம், மை ஊறி முன்னால் தெரியும்.

துண்டுகளை 315 செ.மீ.க்கு வெட்டி, பின்பக்கம் பென்சிலால் வரிசை எண்ணும் மேல் நுனிக்கு ஓர் அம்பும் போடுங்கள். சில சொரசொரப்புத் தாள்களின் லேபிளில் ஓர் அம்பு மேலும் ஓர் அம்பு கீழும் இருக்கும். அப்படியானால் ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாக ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரச் சாயம் மாறி வரிவரியாகத் தெரியும்.

நான்-ஓவனுக்கு உரிய பசைத்தூளை வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே தூளைத் தூவுங்கள். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். சொன்ன நேரம் விட்டு மறுபடி கலக்கினால் கெட்டித் தயிர் பதம் வரும். மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடிப்பவர்களும் உண்டு. பிடிக்கும்தான், ஆனால் உரிக்கும் நாளில் சுவர் பெயரும்.

ஒரு துண்டின் அகலத்துக்கும் 5 செ.மீ. அதிகமாக மட்டும் சுவரில் பசை உருட்டுங்கள். ஓரங்களிலும் மூலையிலும் பிரஷால் தடவுங்கள், ரோலர் அங்கே எட்டாது. பசை படாத கையகலம்கூடக் காய்ந்ததும் கொப்புளமாக எழும்.

தாளின் மேல்நுனியில் 5 செ.மீ. சீலிங்கில் மடிந்து நிற்க, நீண்ட ஓரத்தைப் பென்சில் கோட்டுடன் சேருங்கள். நடுவிலிருந்து வெளியே, மேலிருந்து கீழே ஸ்கிராப்பரால் நீவுங்கள். மாறித் தொடங்கினால் காற்று உள்ளே மாட்டும்.

இரண்டாவது துண்டை முதலாவதன் ஓரத்தோடு ஓரமாக முட்டவைக்க வேண்டும். ஏற்றி ஒட்டக்கூடாது, வினைல்மேல் சாதாரணப் பசை பிடிக்காததால் அந்த ஓரம் சீக்கிரம் எழுந்துவிடும். இடைவெளி தெரிந்தால் விரலால் இழுக்காமல், உள்ளங்கை விரித்துத் துண்டு முழுவதையும் நகர்த்துங்கள். ஜாயிண்டில் பிதுங்கிய பசையை ஈர ஸ்பாஞ்சால் உடனே துடையுங்கள். காய்ந்தால் பளபளப்புத் தடமாக நிற்கும். சொரசொரப்புத் தாளின் ஜாயிண்டில் ரோலரை அழுத்தி ஓட்டினால் அந்த இடம் மட்டும் தட்டையாகிக் கோடு விழும். ஸ்பாஞ்சால் ஒற்றினால் போதும்.

மேலும் கீழும் வெட்ட, பட்டி ப்ளேடை மூலையில் அழுத்திப் பிடித்து அதன் விளிம்பில் கட்டரை ஓட்டுங்கள். இரண்டு மூன்று வெட்டுக்கு ஒருமுறை ப்ளேடின் நுனியை உடையுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவர்களின் தாள்தான் பல்பல்லாகக் கிழியும்.

சுவிட்ச் போர்டு வந்தால் மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, தாளை மேலேயே விட்டு, பெட்டியின் நடுவில் பெருக்கல் குறிபோல் வெட்டி நான்கு முக்கோணங்களையும் நறுக்குங்கள். வெட்டு, மூடி மறைக்கும் எல்லைக்குள் இருக்கட்டும். பசை ஈரம் காய்ந்த பிறகே மின்சாரம்.

அன்று இரவு சிறு கொப்புளங்கள் தெரிந்தால் ஊசியை எடுத்துவிடாதீர்கள், பெரும்பாலானவை காயும்போது தானாகப் படியும். 24 மணி நேரம் கழித்தும் நிற்பதைக் கட்டர் நுனியால் மெல்லக் கீறி, மருந்துக்கடை சிரிஞ்சில் துளி பசை செலுத்தி அழுத்துங்கள். ஃபேனும் ஏசியும் அதற்குப் பிறகுதான். மிஞ்சிய அரை ரோலை லேபிளோடு பரணில் போட்டுவையுங்கள். கட்டில் உரசிக் கிழிந்த இடத்துக்கு அதே பேட்ச் தாள் வேறெங்கும் கிடைக்காது.