நிறுவனத் தளம் தேடலில் தென்பட: எங்கே தொடங்குவது, எதை விடுவது

நிறுவனத்தின் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்த்து, தளம் முதலாவதாக வருகிறது என்று நிறைவடைந்துவிடும் உரிமையாளர்கள் பலர். பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். பெயர் தெரியாமல், தன் தேவையை மட்டும் தட்டும் ஒருவருக்கு உங்கள் தளம் தென்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரம் என்ற குறிப்போடு வரும் முடிவுகளைத் தவிர, இயல்பான தேடல் முடிவுகளில் எந்த இடத்தையும் விலைக்கு வாங்க முடியாது. அங்கே இடம்பெறச் சில வேலைகளைச் செய்தாக வேண்டும். அவற்றின் வரிசை தவறினால் செய்த உழைப்பின் பெரும்பகுதி வீணாகும்.

தேடுபொறியின் பணி மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் கூகுள்பாட் போன்ற தானியங்கி நிரல் ஒன்று இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கங்களைப் படிக்கிறது. படித்தவற்றுள் சேர்க்கத் தக்கவை எனக் கருதுபவற்றை அடுத்த கட்டத்தில் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாரேனும் தேடும்போதுதான், அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. பெரும்பாலோர் இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டுமே கவலைப்படுகின்றனர். அட்டவணையிலேயே இல்லாத பக்கத்துக்குத் தரவரிசை என்ற பேச்சே கிடையாது.

அட்டவணையில் இருக்கிறோமா?

இதை அறிய ஊகம் தேவையில்லை. கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து, உரிமையை உறுதிப்படுத்திக்கொண்டால், எந்தெந்தப் பக்கங்கள் அட்டவணையில் உள்ளன, எவை விடுபட்டன, விடுபட்டதற்குக் காரணம் என்ன என்பதை அதுவே பட்டியலிட்டுக் காட்டும். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கும் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற இதே போன்ற வசதி உண்டு. சர்ச் கன்சோலில் உள்ள விவரங்களை அப்படியே அங்கே இறக்கிக்கொள்ளலாம் என்பதால், கூடுதல் உழைப்பு சில நிமிடங்கள்தான்.

விடுபட்டதற்கான காரணங்களில் மிகச் சாதாரணமானது, தளத்தை உருவாக்கும்போது வைத்த தடையை வெளியிட்ட பிறகு நீக்க மறந்துவிடுவது. பல தளங்களை உருவாக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் தேடுபொறிகள் அட்டவணையிடுவதைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவு ஒன்று இருக்கிறது. அந்தத் தெரிவுப் பெட்டியில் ஒரு குறி இருந்தால் போதும், பிற முயற்சிகள் அனைத்தும் பயனற்றுப்போகும். இத்துடன் இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. தளத்தில் வைக்கும் ரோபாட்ஸ் (robots.txt) கோப்பு ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்கிறது. பக்கத்தின் நிரலுக்குள் இடும் நோஇண்டெக்ஸ் (noindex) குறிச்சொல் அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்கிறது. ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க விரும்பி இரண்டையும் ஒன்றாக இட்டால், பாட் (பக்கங்களைப் படிக்கும் நிரல்) பக்கத்துக்குள் நுழையவே இயலாததால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸை அது பார்க்காது. பிற தளங்களின் இணைப்புகள் வழியாக அந்த முகவரி தேடலில் தோன்றவும் கூடும்.

எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பே இல்லாத பக்கங்களையும், சொடுக்கினால் மட்டும் நிரல் வழியே திறக்கும் பொத்தான்களுக்குப் பின்னால் உள்ளவற்றையும் பாட் கண்டுபிடிப்பது கடினம். அது பொத்தான்களைச் சொடுக்குவதில்லை, முகவரியோடு கூடிய முறையான இணைப்புகளையே பின்தொடர்கிறது. தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பு இதற்கு ஓரளவு உதவும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம் என்பதால், சிறு நிறுவனத்துக்கு ஒரே கோப்பு தாராளம். ஆனால் அதில் சேர்த்துவிட்டால் அட்டவணையில் சேர்ந்துவிடும் என்ற உறுதி எதுவும் இல்லை. ஒரே பக்கம் பல முகவரிகளில் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படித் திறந்தால் ஒன்றை முதன்மையாகக் கொண்டு, மற்றவற்றை 301 எனப்படும் நிரந்தரத் திசைமாற்றத்தால் அதற்கு அனுப்ப வேண்டும். திசைமாற்ற இயலாத இடத்தில், எது முதன்மை முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிகல் குறிச்சொல் உதவும்.

தேடுபவரின் சொல், நிறுவனத்தின் சொல்

என் கருத்தில், அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். எடைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பில் "ஒருங்கிணைந்த எடையளவுத் தீர்வுகள்" என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளரோ "எடை மெஷின் தப்பா காட்டுது" என்றோ, கருவியின் திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டையோ தட்டுகிறார். இந்த இரண்டும் சந்திக்காதவரை, எத்தனை தொழில்நுட்பத் திருத்தங்கள் செய்தாலும் அவர் அந்தத் தளத்துக்கு வரப்போவதில்லை.

அவருடைய சொற்களைக் கண்டறியக் கட்டணக் கருவிகள் கட்டாயமில்லை. தொலைபேசியை எடுப்பவரிடம் வாடிக்கையாளர்கள் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்; வந்த மின்னஞ்சல்களைப் படியுங்கள்; தேடல் பெட்டியில் பாதிச் சொல் தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றோடு, ஏற்கெனவே எந்தச் சொற்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது என்பதைச் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை சொல்லும். மக்கள் பல மொழிகளில் தேடும் இடங்களில், ஒரே தேவைக்கான சொல் மொழிக்கு மொழி மட்டுமல்ல, எந்த எழுத்தில் தட்டுகிறார்கள் (தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவது போல) என்பதைப் பொறுத்தும் மாறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சொல் கிடைத்ததும் எழுதத் தொடங்கிவிடாமல், அதையே தேடுபொறியில் தட்டி இப்போது முதலில் வரும் முடிவுகளைப் பாருங்கள். அவை யாவும் விளக்கக் கட்டுரைகளாக இருந்தால், தேடுபவர் அறிய விரும்புகிறார், வாங்க அல்ல என்று பொருள். அங்கே விலைப்பட்டியலைக் கொண்டுபோய் நிறுத்திப் பயனில்லை. அவை சேவைப் பக்கங்களாக இருந்தால், நீண்ட வரலாற்றுக் கட்டுரைக்கு அங்கே வேலை இல்லை.

ஒவ்வொரு தேவைக்கும் ஒரு தனிப் பக்கம் என்பது நல்ல விதி. எல்லாச் சேவைகளையும் ஒரே பக்கத்தில் ஒவ்வொரு வரியாக அடுக்கினால், எந்தத் தேடலுக்கும் அது முழு விடையாகாது. அதே வேளையில், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே உரையை ஐம்பது பக்கங்களாக்குவதைத் தேடுபொறிகள் எரிதமாகவே (ஸ்பாம்) கருதுகின்றன. நம் எடுத்துக்காட்டு நிறுவனத்தின் பக்கத்தில் எந்த வகைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறார்கள், அழைக்கும் முன் வாடிக்கையாளர் எந்த விவரங்களைக் குறித்து வைத்திருக்க வேண்டும், வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த நிலையில் பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவது நல்லது என்பன இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எழுதப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. நம்பிக்கையை ஈட்டுவதும், பிறர் பக்கங்களில் கிடைக்காததும் பெரும்பாலும் அதுதான்.

தேடல் முடிவுகளில் பெரும்பாலும் தலைப்பாகத் தெரியும், பக்கத்தின் தலைப்புக் குறிச்சொல் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறாக, தேடுபவரின் சொல்லோடு, சுருக்கமாக இருக்கட்டும். அதனடியில் வரும் விவரக் குறிப்பு தரவரிசையை உயர்த்தாது. ஆனால் முடிவுகளில் அது காட்டப்படும்போது சொடுக்கலாமா என்று முடிவு செய்ய உதவும். தேடல் சொற்களை வரிசையாக நிரப்பும் பழைய கீவேர்ட்ஸ் மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் கட்டணம் கேட்பவர் வந்தால் அவரை அனுப்பிவிடலாம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா என்ற கேள்வி இப்போது தவறாமல் எழுகிறது. எழுதிய முறையைக் காட்டிலும் பயனையே பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. ஆனால் தரவரிசைக்காக மட்டும் பெருமளவில் பக்கங்களை உற்பத்தி செய்வதை, மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், 2024 மார்ச்சில் திருத்திய தன் எரிதக் கொள்கையில் விதிமீறலாகச் சேர்த்துள்ளது.

கைப்பேசியும் வேகமும்

கூகுள் பக்கத்தின் கைப்பேசி வடிவத்தையே அட்டவணைக்கு எடுத்துக்கொள்கிறது. கணினித் திரையில் மட்டும் தெரிந்து கைப்பேசியில் நீக்கப்பட்ட உரை, அதன் பார்வையில் இல்லாத உரையே. வேகத்துக்கும் பயன்பாட்டு வசதிக்கும் கூகுள் மூன்று அளவுகளை வைத்திருக்கிறது: பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும்; தொடுகைக்கு 200 மில்லிவிநாடிக்குள் எதிர்வினை வர வேண்டும்; உறுப்புகள் இடம்மாறித் துள்ளும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. தேவைக்கு மேல் பெரிய படங்களைச் சுருக்கி, அவற்றின் அகல உயரங்களை முன்பே குறித்துவிட்டாலே பல தளங்கள் இவற்றை எட்டிவிடும். சோதனைக் கருவியில் நூற்றுக்கு நூறு பெற மாதக்கணக்கில் உழைப்பது வீண். பொருத்தமான விடை இல்லாத பக்கத்தை வேகம் காப்பாற்றாது.

இணைப்புகள்

ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் பேஜ்ராங்க் முறையின்மீதுதான் கூகுள் எழுந்தது. அதனாலேயே இணைப்புகளை விற்கும் சந்தையும் எழுந்தது. அதை ஒடுக்க 2012இல் பெங்குவின் என்ற திருத்தம் வந்தது. கட்டணம் கொடுத்துப் பெற்ற இணைப்பு விளம்பரமாக இருந்தால், இணைப்பின் நிரலில் அதை ஸ்பான்சர்டு (sponsored) அல்லது நோஃபாலோ (nofollow) என்று குறித்தாக வேண்டும். நேர்மையான இணைப்புகளுக்கான வாய்ப்பு பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: உங்களை விற்பனையாளராக ஏற்ற உற்பத்தியாளரின் தளம், நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில்துறைச் சங்கத்தின் பட்டியல், நீங்கள் பணிசெய்து கொடுத்த நிறுவனங்கள். கேட்டால் கிடைக்கும், பலர் கேட்பதில்லை. உங்கள் தளத்துக்குள் இடும் இணைப்புகளிலும் "இங்கே சொடுக்கவும்" என்பதற்குப் பதிலாக, செல்லும் பக்கத்தின் பொருளைச் சொல்லும் சொற்களை இடுங்கள்.

நேரில் சேவை செய்யும் தொழிலானால், தளத்துக்கு இணையாக, தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் முக்கியம். வரைபட முடிவுகளில் பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு ஆகிய மூன்றும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. வகைப்பாடு, வேலை நேரம், படங்கள் ஆகியவற்றைச் சரியாக வைத்திருக்க முடியும். பெயருடன் சேவைச் சொற்களை ஒட்டிவைப்பதும், சலுகை தந்து மதிப்புரை வாங்குவதும் விதிமீறல்.

அளப்பதும் காத்திருப்பதும்

செய்த திருத்தத்தின் விளைவு சில நாள்களிலும் தெரியலாம், பல மாதங்களும் ஆகலாம். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் குறித்துவையுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால், பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் தொழில்கள் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடலாம். அந்த அறிக்கையில் முதலில் தேட வேண்டியவை, சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் இடையில் இருந்து, பலமுறை காட்டப்பட்டும் குறைவாகவே சொடுக்கப்பட்ட சொற்கள். தேடுபொறி உங்களை ஓரளவு பொருத்தம் என்று ஏற்றுக்கொண்ட இடங்கள் அவை. அந்தப் பக்கங்களைச் செம்மைப்படுத்துவது புதுப் பக்கம் எழுதுவதைவிட விரைவில் பலன் தரும். முடிவுகளின் மேற்பகுதியிலேயே செயற்கை நுண்ணறிவு விடை தோன்றும் தேடல்களில், இடம் குறையாமலே சொடுக்குகள் குறையக் கூடும் என்பதையும் நினைவில் கொண்டு எண்களைப் படிக்க வேண்டும். முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவதாக யாரேனும் சொன்னால், அப்படி உத்தரவாதம் தர எவராலும் இயலாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

இத்தனையும் செய்து சேர்த்த மதிப்பை ஒரே நாளில் இழக்க எளிய வழி, தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரிகளை மாற்றிவிட்டுப் பழையவற்றை அப்படியே விட்டுவிடுவது. வடிவமைப்பாளரிடம் வேலையை ஒப்படைக்கும் முன்பே இப்போதுள்ள முகவரிகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் புதிய இணைப் பக்கத்தை எதிரே எழுதி, 301 திசைமாற்றங்களை ஒப்பந்தத்தின் பகுதியாகவே சேர்த்துவிடுங்கள். பழைய பக்கங்களையெல்லாம் முகப்புக்கு மட்டும் திருப்பிவிடுவது இதற்கு ஈடாகாது. திசைமாற்றங்கள் குறைந்தது ஓராண்டு, இயன்றால் அதற்கு மேலும் நீடிக்க வேண்டும். புதிய தளம் வெளியான அன்றே நோஇண்டெக்ஸ் எங்கும் எஞ்சியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.